ஏகாம்பரம் என்று எழுதினேன்

1

சென்னையில் மாதர் பத்திரிகை நடத்தும் ஓர் அம்மாள் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். சீமையில் தனியாகக் காலம் தள்ளும் நம் பெண் ஒருத்தியின் அனுபவங்களைப் படிக்க வாசகிகள் ஆசைப்படுகிறார்களாம். பனி எப்படிப் பெய்கிறது, வெள்ளைக்காரப் பெண்கள் எப்படிக் குடித்தனம் செய்கிறார்கள், ரசத்துக்குப் புளி எங்கே வாங்குகிறேன் என்றெல்லாம் எழுத வேண்டுமாம். கடைசியில் ஒரு வரி: 'சகோதரிக்கு இன்னும் விவாகம் ஆகாததன் காரணத்தையும் விரும்பினால் நாசூக்காகக் குறிப்பிடலாம்.'

பனி வெள்ளையாகப் பெய்கிறது. குடித்தனம் நம் ஊரில் செய்வதுபோலத்தான் இங்கும் செய்கிறார்கள். புளி கிடைப்பதில்லை. அந்த மூன்று சங்கதியும் முடிந்தது. நாலாவதை இப்போது எழுதுகிறேன். நாசூக்காக எழுத எனக்கு வராது. அம்மாளுக்குப் பிரியமிருந்தால் அச்சில் போடட்டும், இல்லாவிட்டால் அடுப்புப் பற்றவைக்க உதவும்.

இந்தக் கோபத்துக்குச் சமீபத்திய காரணம், நான் புதிதாகக் குடிவந்திருக்கும் இந்த ஊரின் நூல்நிலையம். போன வாரம் அங்கே சீட்டு வாங்கப் போனேன். மேஜையில் இருந்த பெண் பெயர் கேட்டாள். கனகவல்லி என்றேன். "அது சரி, குடும்பப் பெயர்?" என்றாள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? கப்பல் ஏறுவதற்கு முன் சென்னையில் பாஸ்போர்ட்டு எழுதிய குமாஸ்தா, காலியாக விடக்கூடாது என்று அந்த இடத்தில் என் நைனாவின் பெயரை எழுதிவிட்டான். அன்றிலிருந்து இந்த நாட்டில் நான் 'மிஸ் முனுசாமி'. பாரிவாக்கத்தில் என் நைனாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு மூத்தவர்கள் சிலர்தான் உண்டு. இங்கே பால் ஊற்றுகிறவன்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டுகிறான்.

"முனுசாமி என்பது அப்பாவா, கணவரா?" என்று கேட்டாள் அந்தப் பெண். அப்பா என்றேன். "அப்படியானால் கல்யாணம் ஆனதும் வாருங்கள், மாற்றிக் கொடுத்துவிடுகிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். என் பங்குக்கு முன்னால் 'கே' என்று ஓர் எழுத்து இருந்தது. அவள்மேல் தப்பில்லை, நல்ல பெண்தான். ஆனால் வீடு வந்து சேரும்வரை எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

2

நான் பூவிருந்தவல்லிக்கு அடுத்த பாரிவாக்கத்துக்காரி. எங்களுக்கு ஏரிப் பாசனத்தில் நெல் வயல் உண்டு. கதிர் வெளியே வரும் சமயத்தில் சில வருஷம் குலைநோய் வரும். கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்து தொங்கும், மணி பிடிக்காது, அறுத்தால் உள்ளீடில்லாத சாவி நெல்தான் மிஞ்சும். அப்படி ஒரு வருஷம் எங்கள் வயல் மொத்தமும் போயிற்று. நைனா களத்தில் உட்கார்ந்து ஒரு கதிரைக் கையில் கசக்கிக் கசக்கி ஊதிக்கொண்டிருந்தார். எல்லாம் உமியாகப் பறந்தது. காலேஜில் தாவர சாஸ்திரம் எடுத்துப் படித்ததும், ஒரு தர்ம நிதியின் உதவியில் கப்பல் ஏறியதும் அதனால்தான். சீமை பார்க்கும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை.

இங்கே வடக்கே ஒரு சர்வகலாசாலையில், பூஞ்சணங்களை ஆராயும் பேராசிரியர் ஒருவரிடம் சேர்ந்தேன். அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் நடுவே அந்த நோய் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதுதான் என் கேள்வி. வைக்கோலில் இருக்கலாம் என்று நினைத்தேன். நோய் கண்ட வயல் வைக்கோலை அனுப்பும்படி நைனாவுக்கு எழுதினேன். அவர் ஒரு பிஸ்கோத்து டப்பா நிறைய அடைத்து அனுப்பினார். துறைமுகத்தில் சுங்கக்காரன் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு, இது என்ன, யார் தின்பதற்கு என்று மூன்று கடிதம் எழுதிக் கேட்டான். ஊரிலும் கேலிதான். "எல்லாரும் பொண்ணுக்கு முறுக்கு அனுப்புவாங்க. நம்ம முனுசாமி அண்ணாத்தே வைக்கோல் அனுப்பறாரு. சீமைல மாடு வளக்குதா உம் பொண்ணு?" என்று கடைத்தெருவில் கேட்டார்களாம்.

நான் வந்து இரண்டு வருஷம் கழித்து ஆவடியிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பெயர் ஏகாம்பரம். ஒரு ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார், காலேஜ் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தார். படித்த பெண்தான் வேண்டும் என்று அவரே சொன்னாராம். நான் ஊரில் இல்லாமலே பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம் நடந்தது. நடந்ததை என் தங்கை அலமேலு எழுதியிருந்தாள். அவள் பேசுவதுபோலவே எழுதுவாள், பள்ளிக்கூடத்தில் எத்தனை அடி வாங்கியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

'அக்கா, உன் போட்டோவ மணை மேல வெச்சாங்க. அம்மா ஆசைப்பட்டு ஒரு மொழம் மல்லிப்பூவ அதுக்குச் சாத்திட்டாங்க. மாப்பிள்ளையோட அத்தை போட்டாங்க பாரு ஒரு கத்தல். இன்னாடி இது, உசுரோட கீற பொண்ணுக்கு செத்தவங்களுக்குப் போடறாப்பல மாலையப் போட்டுக்கினு கீறீங்கன்னு. நைனா ஓடியாந்து பூவப் புடுங்கி என் தலைல வெச்சுட்டாரு. பொடவையும் என் தோள் மேலதான் போட்டாங்க. உன் நிச்சயத்துல எனக்குத்தான் கொண்டாட்டம்.'

அதைப் படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்த சிரிப்பில், வீட்டுக்காரக் கிழவி என்னவோ ஏதோ என்று மாடி ஏறி வந்துவிட்டாள்.

அதே தபாலில் ஆவடியிலிருந்தும் முறைப்படி ஒரு கடிதம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் எழுதியது. யாவரும் க்ஷேமம், தை மாதம் முகூர்த்தம், அதற்குள் படிப்பை முடித்துக்கொண்டு கப்பல் ஏறவும் என்று இருந்தது. அதன் அடியில், வேறு கையெழுத்தில், இடம் போதாமல் நெருக்கி ஒரு வரி: 'குலைநோய்க்கு மார்க்கம் கண்டாயிற்றா? அறிய ஆவல். ஏ.'

சிரிக்காதீர்கள், அந்த ஒரு வரிக்காகவே இந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. என் உடம்பு எப்படி, குளிர் தாங்குகிறதா, மாட்டிறைச்சி தின்கிறேனா என்றெல்லாம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று ஊரிலிருந்து கேட்ட முதல் ஆள் அவர். இரண்டு பேருமாகச் சேர்ந்து எங்கள் வயலோரத்தில் சின்னதாக ஓர் ஆராய்ச்சிக் கூடம் வைக்கலாம் என்றுகூடக் கனவு கண்டேன். அன்று மாலையே உட்கார்ந்து நாலு பக்கம் பதில் எழுதினேன். பூஞ்சணத்தின் வித்து பூதக்கண்ணாடிக்கு அடியில் எப்படித் தெரியும் என்று படமும் வரைந்தேன். உறைமேல் 'ஸ்ரீ ஏகாம்பரம் அவர்கள், பி.ஏ., எல்.டி., ஆவடி' என்று எழுதித் தபாலில் போட்டேன்.

3

அந்தக் கடிதத்தின் உள்ளே இருந்ததை யாராவது படித்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உறையைப் படித்த கதைதான் தெரியும்.

ஆவடித் தபால்காரர் வாசலில் நின்று பெயரை உரக்கப் படித்திருக்கிறார். "ஏகாம்பரம், பி.ஏ.! சீமைலேந்து கடுதாசி. எழுத்தப் பாத்தா பொம்பள எழுத்தாட்டம் கீதே!" என்று சந்தோஷமாகச் சொன்னாராம், பாவம். வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மாமனாராக வரவேண்டியவர் நைனாவுக்கு எழுதினார்: கட்டிக்கொள்ளப்போகிற புருஷனின் பெயரைப் பெண்பிள்ளை கையால் எழுதுவது எங்கள் வம்சத்தில் கிடையாது, எழுதினால் அவன் ஆயுசுக்குக் கேடு, உடனே கோயிலில் பரிகார பூஜை செய்யவேண்டும், பெண்ணும் மன்னிப்புக் கேட்டு எழுதவேண்டும்.

இந்த வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. சின்ன வயதில் எனக்குக் கடுங்காய்ச்சல் என்று அம்மா பூவிருந்தவல்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கம்பவுண்டர் சீட்டு எழுத உட்கார்ந்தார்.

"புருஷன் பேரு இன்னாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குத் தொண்டை கட்டிப் பேச்சு வரவில்லை.

"ஊரு எல்லைல நிப்பாரே, அந்தச் சாமி பேருங்க."

"ஐயனாரா?"

"இல்லீங்க. கையில அருவா வெச்சுக்கினு கீறாரே."

"வீரனா? கருப்பசாமியா? சீக்கிரம் சொல்லும்மா, பின்னால எம்மா சனம் நிக்குது பாரு!"

வரிசையில் நின்ற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பொறுக்கமாட்டாமல், "யோவ், முனுசாமின்னு எழுதித் தொலைய்யா, புள்ளைக்குக் காச்சல் கொதிக்குது!" என்று கத்தினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பெரியவளான பிறகும் பல காலம் அதை வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் வேடிக்கையாக இல்லை. பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போதும் ஒரு பெயரைச் சொல்ல வாய் வராதபடி ஒரு பெண்ணைப் பழக்கி வைத்திருக்கிறோம்.

உறை விஷயம் கேட்டு அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அலமேலு எழுதினாள். நைனா சொல்லச் சொல்ல எழுதிய பகுதியும் அதில் இருந்தது. 'பூசைக்குச் சொல்லிட்டேன் கனகா. நீயும் ஒரு கடுதாசி போட்டுடு. ஒங்கம்மா அழுவறத என்னால பாக்க முடியல. நமக்குக் கீழ இன்னொரு பொண்ணு கீது, அத்த மறந்துடாத.'

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எழுதும்போதே எனக்கு என்மேல் ஆத்திரம். ஆனால் எழுதினேன்.

4

எழுதிவிட்டேன் சரி, யார் பெயருக்கு அனுப்புவது? இது ஆவடிக்காரர்கள் யோசிக்காத சங்கதி. மருமகளாக வரப்போகிறவள் மாமனார் பெயரையும் எழுதக்கூடாது. மாமியாரின் பெயர் யாருக்குமே தெரியாது, அந்த அம்மாளுக்கே மறந்திருக்கும். பிறகு யாருக்கு எழுதுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். பூஞ்சணங்களுக்கெல்லாம் லத்தீனில் பெயர் சொல்லத் தெரிந்தவள், நமக்குத் தெரிந்த ஓர் ஆளுக்குப் பெயர் சொல்லாமல் எப்படிக் கடிதம் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் இப்படி எழுதினேன்: 'ஆவடி ரயிலடிக்கு மேற்கே, கிணற்றுத் தெரு, பச்சைக் கதவு போட்ட ஓட்டு வீடு, சயன்ஸ் வாத்தியார் வீட்டார் பார்வைக்கு.'

அப்போது இங்கே என் நாள் எப்படிப் போகும் என்றும் சொல்லிவிடுகிறேன், பத்திரிகை அம்மாள் அனுபவங்களைத்தானே கேட்டிருக்கிறார். காலையில் வீட்டுக்காரக் கிழவி ரொட்டியும் தேநீரும் தருவாள். வந்த புதிதில் கிளம்பும்போது வாய்ப்பழக்கத்தில் "போய்விட்டு வருகிறேன்" என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனேன். எதையோ மறந்துவிட்டு உடனே திரும்பி வரப்போகிறேன் என்று நினைத்து, அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் குளிரில் வெகு நேரம் நின்றிருக்கிறாள். நல்ல மனுஷி. பிறகு ஆராய்ச்சிக் கூடம். வைக்கோல் துண்டுகளை ஈரக் கண்ணாடிக் கிண்ணங்களில் வைத்து, பூஞ்சணம் முளைக்கிறதா என்று பார்க்கவேண்டும். முளைத்தது. வெயிலில் காய்ந்து, கப்பலில் கடல் தாண்டி வந்து, மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த பாரிவாக்கத்து வைக்கோலில் அது உயிரோடிருந்தது. முதல் முதலாக அதைப் பார்த்த அன்று நான் கிண்ணத்தைப் பார்த்துத் தமிழில் வைதேன். பேராசிரியர் வந்து எட்டிப் பார்த்து, "பிரமாதம், மிஸ் முனுசாமி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முழுவதையும் கட்டுரையாக எழுதித் தரச் சொன்னார். நானே எழுதினேன், படங்களும் நானே போட்டேன்.

அந்த நாட்களில்தான் பெயரில்லாத கடிதம் எனக்கே திரும்பி வந்தது. உறை முழுக்கத் தபாலாபீசு முத்திரை. ஏதோ ஒரு குமாஸ்தா சிவப்பு மையில் 'பெறுபவர் பெயர் இல்லை' என்று எழுதி, சட்டப்படி அதை மறுபடி கப்பல் ஏற்றி அனுப்பியிருந்தான். இதற்குள் ஆவடியிலிருந்து நைனாவுக்குப் புகார் போய்விட்டது. பெண்ணுக்கு இத்தனை திமிரா, மன்னிப்புக் கேட்டு எழுதச் சொல்லி எத்தனை மாதம் ஆயிற்று, ஒரு வரி வரவில்லையே என்று. பெயரை எழுதினால் குற்றம், எழுதாமல் போட்டால் கடிதம் போய்ச் சேராது, சேராவிட்டால் அதுவும் என் குற்றம். திரும்பி வந்த உறையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, இனி யாரிடம் எதைச் சொல்லி என்ன என்று உட்கார்ந்திருந்தேன்.

5

அப்புறம் ஏகாம்பரம் அவர் கையாலேயே ஒரு முழுக் கடிதம் எழுதினார். அதற்கு முன்பும் பின்பும் அவர் எனக்கு முழுதாக எழுதியது கிடையாது. இத்தனை கூத்துக்கும் அவர் வருத்தம் தெரிவித்திருப்பார், எனக்காக ஒரு வார்த்தை பேசியிருப்பார் என்று நம்பிக்கொண்டு பிரித்தேன்.

'சௌபாக்கியவதி கனகவல்லிக்கு. நடந்தவற்றைப் பெரியவர்கள் மன்னித்துவிட்டார்கள். நீ எழுதியிருக்கும் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சேறப்போவதாக உன் தகப்பனார் மூலம் அறிந்து மகிழ்ந்தோம். அது வெளிவரும் சமயம் நமக்கு விவாகமாகியிருக்கும். ஆகையால் அது குடும்பத் தலைவன் பெயரில் வெளிவருவதே கௌரவம் என்று அப்பா அபிப்பிராயப்படுகிறார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. காலேஜ் உத்தியோகத்துக்கு மனுப் போட்டிருக்கிறேன், அதற்கும் மிக உபயோகமாக இருக்கும். பிழை நேராதிருக்க, என் பெயரைக் கீழே இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். அப்படியே அச்சிடச் சொல்லவும்.'

கீழே அவர் பெயர் இருந்தது. பெரிய எழுத்தில், ஒவ்வொன்றாகப் பிரித்து, பட்டங்களோடு.

இரண்டாம் தரம் படிக்கும்போதுதான் எனக்கு முழுவதும் உறைத்தது. தபால் உறைமேல் நான் எழுதினால் ஆயுசைக் குறைக்கும் அதே பெயர் இது. அதை என் மூன்று வருஷ உழைப்பின் தலையில் நானே என் கையால் எழுதவேண்டும். அதற்குத் தோஷம் கிடையாது, பூஜை கிடையாது. குலைநோயைப் பற்றிக் கேட்டாரே அந்த ஒரு வரி, அதை எதற்குக் கேட்டார் என்றும் அப்போது புரிந்தது. அந்த வரியை நான் கிழித்து ஒரு புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்துக் கணப்பில் போட்டேன்.

பதிலை அன்றே எழுதினேன். உறைமேல் ஏகாம்பரம் என்று எழுதினேன், தபால்காரருக்குத் தெருமுனையிலிருந்தே தெரிகிற அளவுக்குப் பெரிதாக. உள்ளே எழுதியதன் சாரம் இது: 'ஓர் உறைமேல் ஒரு தரம் எழுதியதற்கே உங்கள் ஆயுசுக்குக் கேடு வந்தது. அந்த விஞ்ஞானப் பத்திரிகை நூற்றுக்கணக்கில் அச்சாகி உலகமெங்கும் போகிறது. அத்தனை தரம் உங்கள் ஆயுசைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் நீடூழி வாழவேண்டும், ஆகையால் கட்டுரை என் பெயரிலேயே வரும்.'

நைனாவுக்கும் எல்லாவற்றையும் எழுதினேன். அவர் என்னை வைவார், அலமேலுவை நினைக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்து, அதற்கும் சேர்த்துச் சமாதானம் எழுதி வைத்தேன். அது தேவைப்படவில்லை. அவர் நிச்சயத் தட்டை, வாங்கிய புடவையோடும் வெற்றிலை பாக்கோடும் எடுத்துக்கொண்டு ஆவடிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து அலமேலுவை உட்காரவைத்து எழுதச் சொல்லியிருக்கிறார்.

'வண்டி கட்டிக்கினு போனா விருந்துக்குப் போறாப்பல இருக்கும்னுட்டு நடந்தே போனேன். தட்ட அவரு முன்னால வெச்சேன். இன்னா முனுசாமி, ஒரு பேருக்காவ சம்பந்தத்தையே முறிச்சிக்கினு போறியேன்னாரு. வெறும் பேருதானே, அத்த எதுக்கு நீ எம் பொண்ணாண்ட கேட்டுக்கினு கீறேன்னு கேட்டேன். புள்ளையாண்டான் உள்ளாறதான் இருந்தான். வெளிய வரல. நானும் தண்ணி கூடக் குடிக்காம வந்துட்டேன்.'

இதற்கான தண்டனை எனக்குக் கிடைக்கவில்லை, அலமேலுவுக்குக் கிடைத்தது. அக்கா நிச்சயத்தை முறித்தவள் என்று சொல்லி அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தம் வாசலோடு திரும்பின. என் போட்டோவுக்குச் சாத்திய பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள், என் புடவையைத் தோளில் வாங்கினாள், அது ஒரு குற்றமா? பிறகு குமணன்சாவடியில் ஒரு நல்ல மனிதர் அவளைக் கட்டிக்கொண்டார் என்பது வேறு விஷயம். நடுவில் அவள் குனிந்து நடந்த வருஷங்களை யார் திருப்பித் தருவார்கள்? அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

6

கட்டுரை அச்சாகி வந்தது. பேராசிரியர் சில பிரதிகளை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதில் தலைப்புக்குக் கீழே அவர் பெயர் மட்டும் இருந்தது. நான் எழுதிய வாக்கியங்கள், நான் போட்ட படங்கள், எங்கள் வயல் வைக்கோல் எல்லாம் உள்ளே இருந்தன. கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத சிறிய எழுத்தில், 'சோதனைகளில் உதவிய மிஸ் முனுசாமிக்கு நன்றி' என்று இருந்தது.

ஆவடிக்காரர்களுக்குப் பக்கம் பக்கமாகச் சுடச்சுட எழுதியவள், அன்று வாய் திறக்கவில்லை. இந்த ஊரில் இதுதான் முறையோ என்னவோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளைக்காரர், பெரியவர், என்னிடம் ஒரு நாளும் கடிந்து பேசாதவர். படிப்பு உதவிப் பணமும் அவர் கையெழுத்தில்தான் வரும். எல்லாம் சேர்ந்து வாயைக் கட்டிவிட்டது. ஊருக்கு ஒரு பிரதி அனுப்புவதாக முன்பே சொல்லியிருந்தேன், அனுப்பாமலிருந்தால் நைனா விடமாட்டார். உள்ளே எதுவும் எழுதாமல் அனுப்பினேன். பாரிவாக்கத்தில் யாருக்கு இங்கிலீஷ் தெரியப்போகிறது என்று ஒரு தைரியம்.

நைனா அதை எடுத்துக்கொண்டு பூவிருந்தவல்லிப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் போயிருக்கிறார். பதில் வந்தது.

'கனகா, வாத்தியாரு பொஸ்தகத்த ரெண்டு தபா படிச்சிட்டாரு. ஒம் பேரு எங்கியும் இல்லியாம். கடைசில பொடி எழுத்துல எம் பேரு கீதாம், மிஸ் முனுசாமின்னுட்டு. எம் பேர எதுக்குப் போட்டான்? நான் இன்னா பண்ணேன்? ஒரு டப்பா வைக்கோல் அனுப்புனேன். மூணு வருசமா கண்ணக் கெடுத்துக்கினு குந்திக்கினு இருந்தது நீ. மேல கீறது யாரு பேருன்னு கேட்டேன், ஒன்னோட ஆபீசரு பேருன்னாரு வாத்தியாரு. அவராண்ட நீ போயிக் கேட்டியா? கேட்டிருந்தா எழுதியிருப்ப, ஒண்ணும் எழுதலியே. அப்ப ஏகாம்பரம் கேட்டதுல இன்னா தப்பு? அவனாவது கேட்டுட்டு எடுத்துக்கப் பாத்தான், இவன் கேக்காமயே எடுத்துக்கினான். நான் ஆவடி வரிக்கும் நடந்துபோயித் தட்டத் திருப்பிக் குடுத்துட்டு வந்தேன். ஒன் ஆபீசரு ரூமு பக்கத்துலதான கீது?'

இப்படி ஒரு கடிதம் எனக்கு அதற்கு முன் யாரும் எழுதியதில்லை. அவமானத்தில் முதலில் நைனாமேலேயே கோபம் வந்தது. வாத்தியாரைக் கூப்பிட்டுவைத்துப் படிக்கச் சொன்னது யார், அவருக்கு எதற்கு இந்த வேலை என்றெல்லாம் மனசுக்குள் கத்தினேன். பிறகு எழுந்து, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, பேராசிரியர் அறைக்குப் போனேன்.

அவர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. என் பெயர் ஏன் இல்லை என்று கேட்டேன்.

"அடியில் நன்றி சொல்லியிருக்கிறேனே. உதவியாளர்களுக்கு நன்றி சொல்வதுதான் இங்கே வழக்கம்" என்றார்.

"என்ன உதவி செய்தேன் என்று சொல்லுங்கள்."

"என்ன?"

"அந்தக் கட்டுரையில் நான் செய்யாதது எது என்று சொன்னால் போதும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் இங்கிலீஷைத் திருத்தியது யார், இடம் கொடுத்தது யார், கருவிகள் யாருடையவை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் நிஜம்தான். இங்கிலீஷைத் திருத்தியவர் என்று அவர் பெயரை அடியில் பொடி எழுத்தில் போட்டுக்கொள்ளலாமே என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. நான் களைத்திருப்பதாகவும், ஊருக்குப் போய்ச் சில காலம் தங்கிவிட்டு வருவது நல்லதென்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மாதக் கடைசியில், அடுத்த வருஷத்துக்கு எனக்கு இடமில்லை என்று கடிதம் வந்தது.

கையில் வேலை இல்லை, கல்யாணம் இல்லை, பெயரும் இல்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், பிறகு நைனாவுக்கு எழுதினேன். நீங்கள் சொன்னபடி போய்க் கேட்டேன், இருந்த இடமும் போயிற்று, இனி என்ன செய்வது என்று தெரியவில்லை என்று எழுதினேன். கொஞ்சம் அவரைக் குத்திக்காட்டித்தான் எழுதினேன். ஊருக்குத் திரும்பி வந்துவிடு என்று எழுதுவார் என எதிர்பார்த்திருந்தேன். கப்பல் தபாலில் அவர் பதில் வந்தது.

'போனாப் போவட்டும். ஆவடி போச்சேன்னுட்டு நாம குந்திக்கினு அழுதமா? ஆபீசரும் மாப்பிள்ள பாக்கறாப்பலதான் கனகா. இந்த எடம் ஒத்துவரல, வேற எடம் பாரு. இந்தத் தபா, பேரு யாரு போட்டுக்கறதுன்னு தட்டு மாத்தறதுக்கு முன்னாலியே பேசி முடிச்சிக்க.'